கல்லும் துணியும்: போரில் மடிந்த சிறார்க்கான நினைவுப் போர்வை பற்றிச் சில குறிப்புகள்

நுகேகொடையிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில், பத்தரமுல்லையில், தியவன்னா ஓயாவின் கரையில் 1999ஆம் ஆண்டில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. 1989-90 காலப்பகுதியில் எம்பிலிப்பிட்டியவிற் கடத்திச் செல்லப்பட்டுக் காணாமற்போன பாடசாலை மாணவரை நினைவுகூரும்பொருட்டுச் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கம் அதனை அமைப்பித்தது. ஓவியரும் தொல்லியலாளருமான ஜகத் வீரசிங்க அதன் வடிவமைப்பாளர். 'அப்பாவிகளின் ஆலயம்' எனத் தமிழில் நாம் பெயர்த்துரைக்கக்கூடிய அச்சின்னம் நெடுநாள் பராமரிப்பின்றிக் கிடந்தது. பின்னர், 2010களின் தொடக்கத்தில் அவ்விடம் பூங்காவாக மாற்றப்பட்டபோது சிதைந்து மறைந்தது. அரசே கட்டி, அரசின் நிலத்திலே, பாராளுமன்றத்தின் அயலிலே நின்ற ஒரு சின்னத்தின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது. இவ்வாறாயின் அரசு விரும்பாத நினைவுகளின் கதியைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 சனவரி 8ஆம் திகதி இரவு இடித்தழிக்கப்பட்டதும், மாணவரின் எதிர்ப்பின் பயனாக அதே ஆண்டில் மீள எழுப்பப்பட்டதும் யாவரும் அறிந்தவை.

கல்லில் எழுதியது நிலைக்கும் என்ற நம்பிக்கை நமது நாட்டில் இவ்வாறு பொய்த்துப் போயிருக்கையில், உலகின் வேறு பகுதிகளிற் பெண்கள் கையாண்ட மற்றோர் ஊடகத்தை நோக்குதல் பயனுடையது. அது துணி.

நாம் இங்குக் குறிப்பிடும் நினைவுப் போர்வை, தனியொருவர் செய்யும் கலைப்பொருள் அன்று. இறந்த ஒவ்வொருவருக்காகவும் அவரது குடும்பத்தார் அல்லது அயலார் ஒரே அளவினதான துண்டொன்றைத் தைக்கின்றனர். அதிற் பெயர் இருக்கும். சிலவேளை அவர் அணிந்த சட்டையின் ஒரு பகுதியே ஒட்டித் தைக்கப்பட்டிருக்கும். பின்னர் துண்டுகள் யாவும் இணைக்கப்பட்டுப் பெரியதொரு விரிப்பாகின்றன. அதனை மடித்துப் பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டு செல்லலாம். பாடசாலை மண்டபம், கோயில் வீதி, பள்ளிவாசல் முற்றம் எங்கும் விரிக்கலாம். இன்னொரு சிறப்பும் உண்டு. கல்வெட்டுக்குப் பெயர்ப்பட்டியல் முன்கூட்டியே முடிந்திருத்தல் வேண்டும். துணியில் எப்பொழுதும் இன்னுமொரு துண்டுக்கு இடமுண்டு.

இம்முறை பேரளவிற் கையாளப்பட்டமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் எயிட்ஸ் நினைவுப் போர்வையாகும். 1987 ஒக்ரோபர் 11ஆம் திகதி வாஷிங்டன் நகரில் அது முதன்முதலாக விரிக்கப்பட்டபோது 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொரு துண்டும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்டது; ஏறத்தாழ ஒரு புதைகுழியின் அளவு. நோயினால் இறந்தோரின் பெயரைச் சொல்லவும் கூசிய சமூகத்தின் முன், அரசின் பாராமுகத்துக்கு எதிராக, அது விரிக்கப்பட்டது. ஆயினும் நமது நிலைமைக்கு மிக அண்மையது சிலி நாட்டு அனுபவமே. 1973 செப்ரெம்பர் 11 இராணுவப் புரட்சியின் பின்னர், காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாரும் மனைவியரும் திருச்சபையின் ஆதரவிற் கூடிச் சாக்குத்துணியில் ஒட்டுத்துணிப் படங்கள் தைத்தனர். 'அர்ப்பியேரா' என்பது அவற்றின் பெயர். சாக்குத்துணி என்பதே அச்சொல்லின் பொருள். வீடு, மலை, சூரியன் எனக் குழந்தைக் கைவேலை போலத் தோன்றும் அப்படங்களில், பிள்ளை எங்கே என்ற கேள்வியும் தைக்கப்பட்டிருந்தது. பத்திரிகைகள் வாயடைக்கப்பட்டிருந்த காலத்தில் அவை நாட்டுக்கு வெளியே கடத்தப்பட்டுச் செய்தி கூறின. தையலைப் பெண்களின் பொழுதுபோக்கு என ஆட்சியாளர் இகழ்ந்து நோக்கியமையே அதற்குத் தொடக்கத்திற் காப்பாயிற்று எனலாம். நமது மொழியிலே 'தையல்' என்னுஞ் சொல் பெண்ணையுங் குறிப்பது ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

தமிழ் மரபின் நினைவுச்சின்னம் நடுகல். கல்லைத் தெரிவதிலிருந்து வாழ்த்துவது வரை அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறும். ஆனால் அது வீரத்துக்கு நட்ட கல். தமிழ்நாட்டில் அரசலாபுரத்துக் கல்லொன்று போரிட்ட சேவலை நினைவுகூருகின்றது. சேவலுங்கூட வீரத்தினால் அம்மரபினுள் இடம்பெற்றது. பதுங்குகுழியில் தாயின் மடியிலிருந்து இறந்த குழந்தை எவ்வித வீரமும் புரியவில்லை. எனவே நடுகல்லின் இலக்கணத்துள் அக்குழந்தை அடங்காது. பிற்கால இராணுவ நினைவுத்தூபிகளும் மாவீரர் துயிலுமில்லங்களும் ஒன்றையொன்று பகைத்தவையாயினும் இந்த இலக்கணத்தையே பின்பற்றின. போரிட்டோரே அவற்றின் நாயகர். குழந்தைகளுக்கு வேறு வடிவம் தேவைப்படுகின்றது.

அவ்வடிவம் நமக்கு அந்நியமானதோ என்றால், இல்லை. குளிர்நாட்டார் போலப் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை நமக்கு வேண்டியதில்லைத்தான். ஆனால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பிறந்த பிள்ளையின் முதற் படுக்கை தாயின் பழஞ்சேலையிற் கட்டிய ஏணையே. பழந்துணியின் மென்மை பிள்ளைக்கு இதம் என்பது தாய்மாரின் அறிவு. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா' என்ற விரிப்பின் பெயரும் நமது 'கந்தை'யும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அதே சேலைகளுக்கு வேறொரு பயன் ஏற்பட்டது. மாத்தளன், முள்ளிவாய்க்கால் ஆகிய கரையோரப் பகுதிகளில் அடைபட்ட மக்கள், சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பிப் பதுங்குகுழிகளுக்கு அரணாக அடுக்கினர். கூறைச்சேலைகளும் அவ்வாறு போயின. பிள்ளையைத் தாலாட்டிய துணி, பிள்ளையைக் காக்கும் சுவராயிற்று. பல வேளைகளிற் காக்க இயலாமலும் போயிற்று. இத்தகைய வரலாறு கொண்ட துணியைக் காட்டிலும் பொருத்தமான நினைவு ஊடகம் எது?

இலங்கையில் இவ்வகை முயற்சிக்கு மிக நெருங்கியதாக ராதிகா ஹெட்டியாராச்சி 2012-13இல் முன்னெடுத்த 'ஹேர்ஸ்ரோரிஸ்' திட்டத்தைக் கூறலாம். வடக்கிலும் தெற்கிலுமாக 250க்கும் மேற்பட்ட தாய்மாரின் கதைகள், அவர்கள் தம் கைப்பட எழுதிய கடிதங்களாகவும் வரைந்த நினைவு வரைபடங்களாகவும் திரட்டப்பட்டுப் பல இடங்களிற் காட்சிக்கு வைக்கப்பட்டன. அது காகிதத்தில் நிகழ்ந்தது. ஒரு தாயின் எழுத்தை மற்றோர் இனத்துத் தாய் படிக்கும் வாய்ப்பை அது உண்டாக்கியது என்பதே அதன் முதன்மையான பேறு.

எனினும் இவ்விடத்து ஒரு சிக்கலை மறைத்தல் தகாது. நினைவுப் போர்வையில் எல்லாத் துண்டுகளும் ஒரே அளவின. அதுவே அதன் அறம். அதுவே அதன் ஆபத்தும் ஆகும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் கொல்லப்பட்ட சிறுவர், 1995 செப்ரெம்பர் 22ஆம் திகதி நாகர்கோவிற் பாடசாலையில் விமானக் குண்டுக்கு இரையான மாணவர், 2006 யூன் 15ஆம் திகதி கெப்பித்திகொல்லாவையில் பேருந்திற் சென்ற சிங்களக் கிராமத்துப் பிள்ளைகள் ஆகியோர் அருகருகே தைக்கப்பட வேண்டியவர்கள். இதிற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் எல்லாரும் 'போரில்' இறந்தனர் என்று மட்டும் தைத்துவிட்டால், கொன்றவர் எவரும் இலர் என்றாகிவிடும். போர் தானாக வந்த புயல் அன்று. 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை வீசிய குண்டுகளால் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுட் பெரும்பான்மையினர் பாடசாலை மாணவியர். அவர்கள் புலிகளிடம் பயிற்சி பெற்றோர் என அரசாங்கம் வாதிட்டது. அங்கே குழந்தை என்ற பெயரே மறுக்கப்பட்டது. மறுபுறம், புலிகள் வீட்டிலிருந்து வலிந்து கொண்டுசென்று களத்திற் பலியிட்ட சிறாரும் உளர். அவர்களுக்கு மாவீரர் பட்டியலில் இடம் கிடைத்திருக்கலாம். பிள்ளைகளின் பட்டியலில் இடம் உண்டா? எமது கருத்தில் அவர்களும் இப்போர்வைக்கு உரியவரே. பெயர், ஊர், திகதி என்பவற்றோடு, எவரது கையால் என்பதும் அறியப்பட்டவிடத்து அத்துண்டிலே தைக்கப்படுதல் வேண்டும். அன்றேல் நன்கொடை நிறுவனங்கள் விரும்பும் 'மனக்காயம் ஆற்றும்' பயிற்சிப் பட்டறையின் அழகிய விளைபொருளாக அது முடிந்துவிடும்.

துணி சான்றுமாகும் என்பதை அண்மைக்காலம் காட்டியுள்ளது. யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தி இந்து மயானத்தில் 2025ஆம் ஆண்டில் அகழப்பட்ட புதைகுழிகளிலிருந்து 200க்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் இனங்காணப்பட்டன. சிறாரின் எலும்புகளும் அவற்றுள் அடங்கும். சிறு பிள்ளை ஒன்றின் எலும்புகளோடு நீலநிறப் பாடசாலைப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி, நீதிமன்றக் கட்டளைப்படி, குழிகளில் எடுக்கப்பட்ட ஆடைகளும் ஏனைய பொருள்களும் அடையாளங் காணும்பொருட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. காணாமற்போனோரின் உறவினர் வரிசையில் வந்து, மண்ணின் நிறமேறிய அத்துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சென்றனர்.