பழைய சேலை, மஞ்சள் விளக்கு, ஒரு கோரைப் பாய்

போகியன்று விடிவதற்கு முன்பே கிழிந்த பாய், கால் ஆடும் நாற்காலி, பஞ்சு பிதுங்கும் தலையணை எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். அவற்றை எரிக்காமல் பழைய சாமான் வாங்குபவரிடம் போடுவதுதான் நல்லது; அன்றைய புகைமூட்டத்தில் சென்னை படும் பாட்டை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எரிப்பதை விட்டுவிட்டாலும் அந்த வழக்கம் சொல்லும் வரிசை கவனிக்கத்தக்கது. முதலில் கழிப்பது, அடுத்து வெள்ளையடிப்பது, கடைசியில் கோலமும் தோரணமும். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் வீட்டை அழகாக்க இதைவிடச் சரியான வரிசை கிடையாது.

பெரும்பாலோர் செய்வது இதற்கு நேர்மாறு. சம்பளம் வந்த கையோடு ஒரு பூச்சாடி, அடுத்த மாதம் ஒரு சுவர்க் கடிகாரம், திருவிழாத் தள்ளுபடியில் ஒரு செயற்கைப் பூங்கொத்து என்று பொருள்கள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். வீடு நிறையும், அழகு வந்திருக்காது. செலவான தொகையைக் கூட்டிப் பார்த்தால் ஓர் அறைக்கே வண்ணம் அடித்திருக்கலாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகை வீடுகளில் பெரும்பாலும் கிடைப்பது அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் இருக்கும் அத்தனையையும் அடுத்த அறைக்கு மாற்றிவிட்டு, வெறும் தரையையும் சுவரையும் ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தச் சுவர் நன்றாக இருக்கிறது, எந்த மூலை இத்தனை நாளும் மறைந்து கிடந்தது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். பிறகு தேவையானதை மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தால், மூன்றில் ஒரு பங்கு சாமானுக்குக் கூடத்தில் வேலையே இல்லை என்பது புரிந்துவிடும். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலேயே பரணையும் ஒருமுறை பார்த்துவிடலாம். பாட்டி காலத்து டிரங்குப் பெட்டி, ஊறுகாய் போட்ட பீங்கான் ஜாடி, பித்தளைக் குடம், மர மணை, சுளகு என ஏதாவது ஒன்று அநேகமாக அங்கே இருக்கும். இதே பொருள்களைத்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வெளியூர்க்காரர்கள் தேடித் தேடி விலை கொடுத்து வாங்குகிறார்கள். டிரங்குப் பெட்டியைத் துரு போகத் தேய்த்து ஒரே நிறத்தில் எனாமல் அடித்தால் கூடத்துக்கு மேசையும் ஆயிற்று, குளிர்காலப் போர்வைகளை உள்ளே வைத்துக்கொள்ளவும் ஆயிற்று. கறுத்துப்போன பித்தளைக்குப் புளி போதும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைத்துவிடும். தேய்த்ததும் கழுவி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்; ஈரம் இருந்தால் மறுபடி திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

அடுத்து விளக்கு. குறைந்த செலவில் அதிக மாற்றம் தருவது இதுதான் என்றாலும், வீட்டு அலங்காரம் என்றதும் யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை. நம் கூடங்களில் சுவரின் உச்சியில் ஒரு டியூப்லைட் இருக்கும். அது எரிந்தால் அறை முழுவதும் ஒரே சீரான வெள்ளை வெளிச்சம். சுவரின் விரிசலும் மின்கம்பியும் முகத்தின் களைப்பும் அதில் ஒன்றுபோலத் தெரியும்.

எல்இடி பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஓர் எண் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். 6500 கெல்வின் என்றிருந்தால் நீலம் கலந்த வெள்ளை ஒளி. கடையில் கூல் டேலைட் என்பார்கள். 2700 அல்லது 3000 என்றிருந்தால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி; அதற்குப் பெயர் வார்ம் ஒயிட். படிக்கவும் காய்கறி நறுக்கவும் வெள்ளை ஒளி வேண்டும். மாலையில் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு மஞ்சள் ஒளிதான் இதம். நூறு ரூபாயைச் சுற்றிய விலையில் கிடைக்கும் ஒன்பது வாட் மஞ்சள் பல்பு, பழைய அறுபது வாட் குண்டு பல்பின் அளவுக்கு வெளிச்சம் தரும். அதை உச்சியில் மாட்டாமல், இடுப்பு உயரத்தில் ஒரு மூலையில், சுவரைப் பார்த்தபடி வைக்க வேண்டும். ஓலைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து உள்ளே பல்பைத் தொங்கவிட்டால் பின்னலின் நிழல் சுவரெங்கும் விழும். கூடை பல்பைத் தொடாத அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். எல்இடியும் அடிப்பாகத்தில் சூடாகும், ஓலையோ சுலபத்தில் பற்றக்கூடியது. தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டிலிருந்து வரும் பனையோலைக் கூடைகள் இதற்கு மிகப் பொருத்தமாக இருக்கும்.

பகல் வெளிச்சத்துக்குச் சுவர்தான் துணை. நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அறைக்குள்ளேயே திருப்பிவிடும். கரும்பச்சையும் கருநீலமும் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஒற்றை ஜன்னல் உள்ள அறைக்கு வெள்ளையைவிட நல்ல நிறம் இல்லை. முற்றத்து வீடுகளில் கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, துளி நீலம் கலந்து அடித்தவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக மாறும். அதனால்தான் அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே எமல்ஷனோ எனாமலோ அடித்த சுவரில் அப்படி ஒட்டாது, உதிர்ந்துவிடும். பூச்சு மட்டும் உள்ள மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், கொல்லைப்புறம், பழைய சுண்ணாம்புச் சுவர் ஆகியவற்றுக்கு இன்றும் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

வீடு முழுவதும் வண்ணம் அடிக்கப் பணமில்லை என்றால் ஒரு சுவர் போதும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவராக இருந்தால் இன்னும் நல்லது. பத்துக்குப் பத்து அடி சுவருக்கு இரண்டு கோட்டிங் அடிக்க எமல்ஷன் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும். ஒரு ரோலர், ஒரு பிரஷ், தரையில் விரிக்கப் பழைய செய்தித்தாள் இருந்தால் வீட்டில் இருப்பவர்களே ஒரு நாளில் முடித்துவிடலாம். ஆனால் சுவரில் ஓதம் இருந்தால் ஒரு சொட்டு வண்ணம்கூட வாங்கக் கூடாது. எங்கிருந்து நீர் கசிகிறது என்று கண்டுபிடித்து அதை அடைக்காமல் எத்தனை விலையுயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்குள் கொப்பளித்து உரிந்துவிடும். வாடகை வீட்டில் இந்தச் செலவு வீட்டுக்காரருடையது. குடிவரும் முன்பே பேசி முடிப்பது நல்லது.

இனி துணி. கதவுக்கும் ஜன்னலுக்கும் திரை வாங்கப்போனால் பட்ஜெட் எகிறிவிடும். அலமாரியிலோ கட்டாத சேலைகள் அடுக்காக இருக்கும். ஒரு பருத்திச் சேலை ஏறக்குறைய பதினெட்டு அடி நீளம், நாற்பத்தைந்து அங்குல அகலம். அதில் ஏழரை அடி வீதம் இரண்டு துண்டு வெட்டினால் ஏழடி உயரக் கதவுக்கு இரண்டு திரை. மூன்றடி அகலக் கதவின் முன் இரண்டு துண்டும் சேர்ந்து ஏழரை அடி அகலம் வருவதால் மடிப்பு தாராளமாக விழும். திரைக்கு அழகே அந்த மடிப்புதான். கதவின் அகலத்துக்கு அளந்து தைத்த திரை, உலரப்போட்ட துண்டு மாதிரி தட்டையாகத் தொங்கும். சேலைக் கரை இருபுறமும் மேலிருந்து கீழாக ஓடுவதால் தனியாக பார்டர் தைக்கும் வேலை இல்லை. மீதமுள்ள மூன்றடித் துணியில் பதினாறு அங்குலத் தலையணை உறை இரண்டு தைக்கலாம். மேலே கம்பி நுழைய மடித்துத் தைத்து, கீழே ஓரம் அடித்துக் கொடுக்கும் தையல் கூலி மட்டும்தான் செலவு. முந்தானையை வெட்ட மனம் வராதவர்கள் அதையே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். சுங்குடியோ செட்டிநாட்டுக் கண்டாங்கியோ என்றால் அந்தச் சுவருக்கு வேறு ஓவியமே வேண்டாம்.

புதுத் துணிதான் வேண்டும் என்றாலும் கலங்க வேண்டியதில்லை. திரை, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு எல்லாவற்றையும் பல நாடுகளுக்கு அனுப்பும் ஊர் கரூர். ஏற்றுமதியில் மிஞ்சியவை உள்ளூர்க் கடைகளில் குறைந்த விலைக்கு வரும். ஈரோடு கனி மார்க்கெட்டின் வாரச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாயன்று முடியும். சென்னைக்காரர்களுக்கு பாரிமுனையில் கோடவுன் தெரு இருக்கிறது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் தீபாவளி சமயத்தில் 30 சதவீதத் தள்ளுபடி உண்டு. சென்னிமலைப் போர்வை வாங்க அதுவே நேரம்.

தரைக்குக் கார்ப்பெட் நம் ஊருக்குப் பொருந்தாது. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் வாடை வரும், துவைக்கவும் முடியாது. பவானி ஜமக்காளமும் கோரைப் பாயும் இந்த வெயிலுக்கென்றே பிறந்தவை. பட்டை பட்டையாகச் சிவப்பும் பச்சையும் நீலமும் ஓடும் ஜமக்காளம் புவிசார் குறியீடு பெற்றது. குழித்தறியில் நெய்த அசலும் விசைத்தறி நகலும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். அசலுக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும் தறிக்காரருக்குப் போய்ச் சேரும் காசு அது. கோரைப் பாயில் பத்தமடையின் மெல்லிய பாய் கல்யாணச் சீருக்கு என்று நெய்யப்படுவது, விலையும் அப்படி. அன்றாடத்துக்கு முசிறிப் பக்கத்துச் சாதாரணக் கோரைப் பாய் போதும். அதைச் சோபாவுக்கு முன் விரிக்கலாம். நீளவாக்கில் மடித்துத் தைத்து ஜன்னல் திண்ணையில் போடலாம். ஓதச் சுவரை மறைக்க மட்டும் மாட்டக் கூடாது. பூஞ்சை பிடித்துவிடும்.

சுவரில் மாட்டும் படத்துக்கு நெடிய கதை உண்டு. 1894-இல் ஓவியர் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கும் முன்பு வண்ண ஓவியம் என்பது பெரும்பாலும் அரண்மனைக்கும் ஜமீனுக்கும் உரியதாக இருந்தது. கல்லச்சில் பல வண்ணங்களில் அச்சாகி வந்த அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் எளியவர் வீட்டுச் சுவருக்கும் ஓவியத்தைக் கொண்டுவந்தன. பின்னாளில் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவின் கைவண்ணம் சிவகாசிக் காலண்டர்களாக அச்சாகி நாடெங்கும் போயிற்று. மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்த படத்தைச் சட்டம் போட்டுப் பூஜையறையில் வைத்திருக்கும் வீடுகள் இன்றும் ஏராளம். அந்தப் படங்களை ஆணிக்கு ஒன்றாக வீடெங்கும் சிதறவிடாமல், ஒரே நிறச் சட்டத்தில் நான்கைந்தை ஒரு சுவரில் நெருக்கமாக மாட்டிப் பார்க்க வேண்டும். நடுப்படம் நிற்பவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். நம் வீடுகளில் படங்கள் கூரையைத் தொட்டுக்கொண்டு இருப்பதால்தான் யாரும் அவற்றைப் பார்ப்பதே இல்லை.

வீணானதிலிருந்து அழகு செய்யலாம் என்பதற்கு அண்டை மாநிலத்தில் பெரிய சான்று இருக்கிறது. 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தியாவில் கழித்து, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் ஐந்து மைல் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் பொருளைக் கொண்டு வீடு கட்ட வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டவர். பூச்சு இல்லாத செங்கல் சுவர், செங்கலை இடைவெளிவிட்டு அடுக்கிய ஜாலி, இடித்த வீடுகளின் கதவு ஜன்னல், தரையில் உடைந்த ஓட்டுச் சில்லு, சுவரில் பதித்த வண்ணப் பாட்டில்கள் இவைதான் அவருடைய அலங்காரம். நாலாஞ்சிறையில் அவர் வாழ்ந்த வீடும் அப்படிப்பட்டதே. திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு அருகே, சுருளாக மேலேறும் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபி குடித்தவர்கள் அவருடைய கைத்திறனுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜாலியின் ஓட்டைகள் வழியே வரும் வெளிச்சம்தான் அங்கே அலங்கார விளக்கு.

செடிக்குச் செலவு செய்ய வேண்டியதே இல்லை. பக்கத்து வீட்டு மணி பிளான்ட் கொடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு நீருக்குள் இருக்கும்படி கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். கற்பூரவல்லிக் குச்சியை மண்ணில் ஊன்றினாலே துளிர்த்துவிடும். பாட்டில் தண்ணீரை வாரத்துக்கு இரண்டு முறையாவது மாற்றுவது கட்டாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும்.

தொட்டிக்கு மண்பானை, அடியில் ஒரு துளை. பானைக்குக் காவிப் பொடியைக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, ஊறவைத்து நைசாக அரைத்த அரிசி மாவைத் தண்ணீராகக் கரைத்துக்கொள்ளலாம். சிறு துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து மெல்ல அழுத்தினால் மாவு மோதிர விரல் வழியே இறங்கும். அந்த விரலால் பானையைச் சுற்றி ஓர் இழை, அதன் கீழே இன்னோர் இழை, நடுவே புள்ளிகள். போடும்போது கோடு சரியாக விழவில்லையோ என்று தோன்றும், ஈரத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஐந்து நிமிடம் பொறுத்தால் காவியின் மேல் ஒவ்வோர் இழையாக வெளுத்து எழுந்து வரும்.