கருவுறுமுன் தொடங்கும் காப்பு

நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்துகொண்டு ஒரு பெண் மருத்துவரை நாடுவதற்குள், கருவின் அடிப்படைப் பணிகள் பல முடிந்துவிடுகின்றன. கருத்தரித்த 22ஆம் நாளளவில் இதயம் துடிக்கத் தொடங்கும். 28ஆம் நாளளவில், மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல் மூடிக்கொள்ளும். தாயின் குருதியில் மிகுந்த சர்க்கரை இவ்விரண்டையும் குலைக்க வல்லது. நீரிழிவு கட்டுப்படாத தாய்மாரின் குழந்தைகளிடம் இதயக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுவது இதனாலேயே.

ஆகவே நீரிழிவுள்ள பெண்களுக்குப் பேறுகாலப் பேணல் கருவுறுமுன்பே தொடங்க வேண்டும். எத்துணைக் காலம் முன்பு? விடை குருதியிலேயே உள்ளது. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். அதன் ஈமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் எச்பிஏ1சி ஆய்வு, கடந்த இரண்டு மூன்று திங்களின் நிலையைக் காட்டும். அது 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியபின் கருவுறுதல் நன்று என்பர் மருத்துவர். அதுவரையான இடைவெளியில் ஃபோலிக் அமிலம் தொடங்கப்படும். விழித்திரையும் சிறுநீரகமும் ஆராயப்படும். கருவுக்கு ஊறு செய்யும் குருதியழுத்த மாத்திரைகள் மாற்றப்படும். மணமானவளிடம் திங்கள்தோறும் ‘விசேஷம் உண்டா?’ என வினவும் சுற்றத்தார் இந்த எச்பிஏ1சி அளவையும் ஒருமுறை வினவலாம்.

இன்சுலின் மாந்தர்க்கு முதன்முதல் செலுத்தப்பட்டது 1922இல். அதற்குமுன் நீரிழிவுள்ள பெண் கருவுறுவதே அரிது. தாயும் சேயும் நலமே மீள்வது அதனினும் அரிது. பாஸ்டன் நகரின் ஜாஸ்லின் மருத்துவமனையில் பணியாற்றிய பிரிசில்லா ஒயிட், நோய் தோன்றிய அகவை, நீடித்த காலம், உறுப்புகளின் பழுது ஆகியவற்றைக் கொண்டு இத்தாய்மாரை 1949இல் வகைப்படுத்தினார். டென்மார்க்கின் யோர்கன் பெடர்சனோ இத்தாய்மாரின் சேய் மிகையாகப் பருப்பதன் காரணத்தை விளக்கினார். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடவாது. வந்து குவியும் சர்க்கரைக்கு ஈடுகொடுக்கச் சேயின் கணையம் இன்சுலினை மிகையாகச் சுரக்க, உடல் பருக்கிறது. தொப்புள்கொடி அறுந்ததும் சர்க்கரை வரத்து நின்றுபோகும்; சுரப்போ உடனே அடங்காது. பிறந்த சில மணி நேரத்திலேயே சேயின் சர்க்கரை தாழ்ந்துவிடும் இடர் அவ்வாறு நேர்வது.

தாயின் இன்சுலின் தேவையும் ஒருநிலையில் நில்லாது. முதல் மூன்று திங்களின் இறுதியில் சற்றே குறையலாம். குமட்டலால் உணவு செல்லாதபோது சர்க்கரை திடுமெனத் தாழும். பிற்பாதியில் நஞ்சுக்கொடியின் சுரப்புகள் இன்சுலினுக்குத் தடையாக நிற்பதால் தேவை இருமடங்காகவும் ஏறக்கூடும். நஞ்சுக்கொடி வெளிப்பட்டதும் அத்தடை நீங்கிவிடுமாதலால், முந்தைய நாளின் அளவை அப்படியே செலுத்துதல் தீங்காகும். பேறு முடிந்த உடனே அளவைக் குறைப்பர். தாய்ப்பாலூட்டும் நாள்களில் மேலும் குறைக்க நேரும்.