டர்போ இல்லாத ரோட்டரிக்கு டர்போ: மஸ்டாவே எழுதி வைத்த விடை

ரோட்டரி எஞ்ஜின் பற்றிப் படிக்க ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். டர்போ இல்லாமல் வந்த மஸ்டா ரோட்டரி காரில், பின்னாடி ஒரு டர்போவை மாட்டினால் என்ன ஆகும்? இணையத்தில் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கும். "கம்ப்ரெஷன் அதிகம், எஞ்ஜின் வெடிச்சிடும்" என்பது ஒன்று. "நான் மாட்டினேன், சூப்பரா ஓடுது" என்பது இன்னொன்று. இரண்டுமே எனக்குத் திருப்தியாக இல்லை. எனக்குச் சொந்தமாக ரோட்டரி கார் கிடையாது. ஆனால் கணக்குப் போட கார் வேண்டியதில்லையே.

நல்ல வேளையாக, இந்தச் சோதனையை மஸ்டாவே செய்து முடித்திருக்கிறது. இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 அமெரிக்காவில் இரண்டு வடிவங்களில் விற்றது. 13பி எஞ்ஜின் டர்போ இல்லாமல் 146 குதிரைத்திறன். அதே 13பி டர்போவுடன் 182. ஒரே குடும்பம், ஒரே காலம், ஒரே தொழிற்சாலை. மென்பொருள்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஒரே நிரலின் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து, எந்தெந்த வரி மாறியிருக்கிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்தால் போதும். டர்போ வைப்பதற்காக மஸ்டாவின் பொறியாளர்கள் எதையெல்லாம் மாற்றினார்களோ, அதையெல்லாம் நாமும் மாற்ற வேண்டும், அல்லது ஏன் மாற்றவில்லை என்று சொல்லத் தெரிய வேண்டும்.

அதற்குமுன் எஞ்ஜினைப் பற்றிக் கொஞ்சம். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது. எட்டு வடிவ அறைக்குள் முக்கோண ரோட்டார் ஒன்று சுற்றுகிறது. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் அபெக்ஸ் சீல் என்ற மெல்லிய உலோகப் பட்டை. சுமார் 80 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். அதற்கு முந்தைய 13பி-யில் 3 மில்லிமீட்டராக இருந்தது. இந்தப் பட்டைதான் சுவரை உரசிக்கொண்டே போய், ஒரு அறையின் அழுத்தம் பக்கத்து அறைக்குப் போகாமல் காக்கிறது. ரோட்டாருக்கு 654 சிசி, இரண்டு ரோட்டார். ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றினால் ஒவ்வொரு ரோட்டாரிலும் ஒரு வெடிப்பு. 6000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 200 வெடிப்பு. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

டர்போவுக்கும் ரோட்டரிக்கும் இயல்பிலேயே நல்ல பொருத்தம். பழைய 13பி-யில் புகை வெளியேறும் துளை சுவரிலேயே இருக்கிறது. வால்வு மெதுவாகத் திறக்கும் வேலையெல்லாம் இல்லை; சீல் துளையைத் தாண்டியதும் வாயு சட்டென்று பாய்கிறது. அறை நீளமாக, தட்டையாக இருப்பதால் எரிதல் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது, புகையும் பயங்கர சூடு. டர்பைன் சக்கரத்துக்கு இது விருந்து. (அப்படியிருந்தும் 1991-இல் லே மான்ஸ் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி-யின் நான்கு ரோட்டார் எஞ்ஜினில் டர்போ கிடையாது என்பது எனக்குப் பிடித்த முரண்.)

சரி, எல்லோரும் பயப்படும் கம்ப்ரெஷன் விகிதத்துக்கு வருவோம். 1980-களின் மாடலில் டர்போ இல்லாத எஞ்ஜினுக்கு 9.4, டர்போ எஞ்ஜினுக்கு 8.5. பிஸ்டன் எஞ்ஜினாக இருந்தால் தடிமனான ஹெட் கேஸ்கெட் போட்டுக் கொஞ்சம் குறைத்துவிடலாம். ரோட்டரியில் ஹெட்டே கிடையாது. விகிதத்தைத் தீர்மானிப்பது ரோட்டாரின் முகத்தில் தோண்டியிருக்கும் பள்ளம். குறைக்க வேண்டுமென்றால் எஞ்ஜினை முழுக்கப் பிரித்து ரோட்டாரையே மாற்ற வேண்டும். அதனால்தான் இந்த எண் ஒரு பெரிய சுவர்போலப் பேசப்படுகிறது.

ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. உள்ளே போகும் காற்று 35 டிகிரி என்று வைப்போம். எரிபொருள் கலந்த காற்றுக்கு வழக்கமாக எடுக்கும் 1.35 என்ற அடுக்கை வைத்து அமுக்கினால், 9.4 விகிதத்தில் முடிவில் சுமார் 400 டிகிரி, 8.5 விகிதத்தில் சுமார் 378. வித்தியாசம் 24 டிகிரிக்குள்.

இப்போது டர்போவை மாட்டி 0.5 பார் அழுத்தம் ஏற்றுவோம். காற்றை அமுக்கும்போது அதுவும் சூடாகும். கம்ப்ரெஸரின் திறன் 70 சதவீதம் என்றால், 35 டிகிரி காற்று எஞ்ஜினுக்குள் நுழையும் முன்பே 89 டிகிரி. 9.4 விகிதத்தில் அமுக்கி முடித்தால் 520 டிகிரி. நடுவில் ஓர் இன்டர்கூலர் வைத்து, ஏறிய சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டால் 441. அதாவது இன்டர்கூலர் ஒன்றே கிட்டத்தட்ட 80 டிகிரி குறைக்கிறது. ரோட்டார் மாற்றுவது 25-ஐ ஒட்டித்தான். உண்மையான எஞ்ஜினில் மிச்சப் புகை, சுவர்ச் சூடு, அழுத்தம் என்று இன்னும் பல சேரும், எண்கள் அப்படியே வராது. ஆனால் எது பெரிசு, எது சிறிசு என்ற வரிசை மாறாது. கம்ப்ரெஷனைப் பற்றி மூன்று பக்கம் விவாதித்துவிட்டு இன்டர்கூலர் இல்லாமல் டர்போ மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

அடுத்த வரி, பெட்ரோல். டர்போ இல்லாத எஞ்ஜினில் நிமிடத்துக்கு 460 சிசி பாய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்கள், மொத்தம் 1840. டர்போவில் 550, மொத்தம் 2200. 7000 ஆர்பிஎம்மில், கொள்ளளவில் 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 9 கிலோ காற்று உள்ளே போகும். டர்போ இல்லாமல் அதற்கு ஆயிரம் சிசிக்குள் பெட்ரோல் போதும். இன்ஜெக்டர்களுக்குப் பாதி வேலைதான். 0.5 பார் ஏற்றி, பாதுகாப்புக்காகக் கலவையை 11-க்கு 1 என்று கெட்டியாக வைத்தால் சுமார் 1560 சிசி. மொத்தத் திறனில் சரியாக 85 சதவீதம், அதற்குமேல் இன்ஜெக்டரை ஓட்டக்கூடாது என்று பொதுவாகச் சொல்லும் வரம்பு. ஆக பழைய இன்ஜெக்டர்களே நூலிழையில் தாக்குப்பிடிக்கும். 0.7 பார் என்றால் தாங்காது.

திறன் இருக்கிறது. ஆனால் "இவ்வளவு திற" என்று யார் அதற்குச் சொல்வது? என்னைப் பொறுத்தவரை ஆபத்து உட்கார்ந்திருக்கும் இடம் இதுதான். இந்தக் காரில் காற்றை அளப்பது ஒரு சின்னக் கதவு. காற்று தள்ளத் தள்ள அது திறக்கும், எவ்வளவு திறந்தது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கதவு முழுசாகத் திறந்துவிட்ட பிறகு இன்னும் காற்று வந்தால் அதற்குத் தெரியாது. கம்ப்யூட்டரின் அட்டவணையிலும் அந்த நிலைமைக்கு வரிசையே இல்லை. டர்போ இல்லாத காருக்கு எழுதிய அட்டவணை அது. கடைசி வரிசையில் இருக்கும் எண்ணையே திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருக்கும். எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது. நம் தொழிலில் இந்த மாதிரி சத்தமில்லாத தவறுகள்தான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும்.

காற்று கூடி, பெட்ரோல் கூடாவிட்டால் கலவை வறண்டுபோகும், சூடு ஏறும், நாக்கிங் வரும். ரோட்டரி சாதாரணமாக நாக்கிங்குக்கு லேசில் இடம் கொடுக்காது. சூடான எக்ஸாஸ்ட் வால்வு என்று ஒன்று அதில் இல்லாததால் மலிவான பெட்ரோலிலேயே ஓடும். ஆனால் வந்துவிட்டால் பிஸ்டன் எஞ்ஜின் அளவுக்குப் பொறுத்துக்கொள்ளாது. அந்த அதிர்ச்சி நேராக 2 மில்லிமீட்டர் பட்டைமேல் விழுகிறது. சீல் உடைந்தால் துண்டு சுவரைக் கீறிக்கொண்டு புகை வழியாக வெளியேறும். அந்த வழியில் இப்போது உட்கார்ந்திருப்பது புது டர்போவின் டர்பைன் சக்கரம். ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்தி ஒரே ஒரு வினாடி வறண்ட கலவையில் ஓடினாலும் 200 வெடிப்பு கணக்கில் சேர்ந்துவிடும். காதில் விழுந்து, புரிந்து, காலை எடுப்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

இதை மஸ்டா எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பதற்கு, ஒப்பீட்டில் நான் அதிகம் மதிக்கும் வரி ஒன்று இருக்கிறது. டர்போ மாடலில் நாக் சென்சார் உண்டு, மற்றதில் கிடையாது. எஞ்ஜினின் சத்தத்தைக் கேட்டு, ஆபத்தென்றால் பொறியைத் தாமதப்படுத்தும் ஒரு காது. ரோட்டாருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் என்பதால் தாமதப்படுத்துவதிலும் இரண்டு எண்கள்: முதல் பிளக் எப்போது, இரண்டாவது அதிலிருந்து எவ்வளவு தள்ளி. டர்போ ஓட்டுபவர்கள் இந்த இடைவெளியை 10 முதல் 15 டிகிரி வரை வைப்பது வழக்கம். ஆகவே பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பெரிய டர்போவுக்கு முன்னால் அட்டவணையை மாற்றி எழுத முடிகிற கம்ப்யூட்டர், கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார், இன்டர்கூலர் மூன்றையும் வாங்குவேன். கம்ப்ரெஷன் பற்றிய கவலை அதற்கெல்லாம் பிறகு.

மற்றவை சில்லறை, ஆனால் படுத்தும். டர்போவிலிருந்து வடியும் எண்ணெய் தன் எடையாலேயே கீழே இறங்கியாக வேண்டும், குழாய் எங்கும் மேலே ஏறக்கூடாது. டர்போ இல்லாத எஞ்ஜினில் காற்று நுழைய ஆறு துளைகள், டர்போவில் நான்கு. முந்தைய வருட மாடல்களில் அந்தக் கூடுதல் இரண்டைத் திறப்பது புகைக் குழாயின் அழுத்தம். டர்போ மாட்டியதும் அந்த அழுத்தத்தின் கணக்கே மாறிவிடுவதால், பலர் கம்பி கட்டித் திறந்தே விட்டுவிடுகிறார்கள். குறைந்த வேகத்தில் இழுவை போய்விடுகிறது. கியர்பாக்ஸும் டர்போ மாடலில் தனி, உறுதியானது. வேஸ்ட்கேட் சின்னதாக இருந்து புகைக் குழாய் தாராளமாக இருந்தால், நாம் 0.5 கேட்டாலும் அழுத்தம் தானாக மேலே ஏறிக்கொண்டே போகும். மேலே சொன்ன இன்ஜெக்டர் கணக்கில் மிச்சமே இல்லாததால் இது சின்ன விஷயமல்ல.

2003-இல் வந்த ஆர்எக்ஸ்-8 வேறு ஜாதி. கம்ப்ரெஷன் 10.0. மேலே போட்ட கணக்குப்படி அது பெரிய தடையே இல்லை. தடை வேறிடத்தில். புகைத் துளைகளைச் சுற்றுச் சுவரிலிருந்து பக்கத் தகடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு அது அருமையான தீர்வு. ஆனால் வாயு திரும்பி வளைந்து வெளியேறுவதால் அந்தச் சட்டென்ற பாய்ச்சல் குறைகிறது. நடுத் தகட்டின் துளையை இரண்டு ரோட்டாரும் பங்கிடுவதால் அங்கே சூடும் குவிகிறது. டர்பைனுக்கு விருந்து வைத்த குணத்தையே ஆர்எக்ஸ்-8 விட்டுக்கொடுத்துவிட்டது. அதில் டர்போ மாட்டியவர்கள் இருக்கிறார்கள், ஓடவும் ஓடுகிறது. ஆனால் அந்த எஞ்ஜின் நிறுவனத்திலிருந்து டர்போவோடு வந்ததே இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டாவது பதிப்பு கிடையாது.