மனசு போடும் தப்புக் கணக்கு: காஞ்சியிலேயே பட்டியல் போட்டாச்சு, தெரியுமா?

கோபாலபுரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை. கணக்கில் 96, வேதியியலில் 94, இயற்பியலில் மட்டும் 71. "பரவாயில்லடா கண்ணா" என்கிறார் அம்மா. "போம்மா, நான் எதுக்கும் லாயக்கில்லை. இன்ஜினீயரிங் போச்சு, எல்லாம் போச்சு. பெரியம்மா போன்ல வாழ்த்து சொன்னாங்களே, மனசுக்குள்ள சிரிச்சிருப்பாங்க!" என்கிறான் பையன்.

இந்தப் புலம்பலுக்குள் எத்தனை பிழை தெரியுமா? நான்கு! கணக்கில் வாங்கிய 96 அவன் கண்ணிலேயே படவில்லை. ஒரு பாடத்தை வைத்து 'எதுக்கும்' என்றுவிட்டான். சறுக்கலைப் பிரளயமாக்கினான். பெரியம்மாவின் மனசுக்குள் புகுந்தும் பார்த்துவிட்டு வந்துவிட்டான்!

இன்ஜினீயரிங் கட்-ஆஃப் போட்டுப் பாருங்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. 96, 35.5, 47 மூன்றையும் கூட்டினால் 200-க்கு 178.5. 'எல்லாம் போச்சு' என்பவனின் நிலவரம் இதுதான்!

இந்த மாதிரிப் பிழைகளை முதலில் வகைபிரித்த மனநல மருத்துவர் யார் தெரியுமா? அமெரிக்காவின் ஆரன் பெக். ஃபிராய்டு வழியில் பயின்றவர். மனச்சோர்வு பற்றி ஃபிராய்டு சொன்னதை நிரூபிக்கத்தான் நோயாளிகளின் கனவுகளை ஆராயத் தொடங்கினார். முடிவு நேர்மாறாக வந்தது! தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் மோசமான எண்ணங்கள் நோயாளியின் தலைக்குள் கேட்காமலே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். 1963-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். அறிவாற்றல் சிகிச்சை அதிலிருந்துதான் வளர்ந்தது. பெக் நூறு வயது வாழ்ந்து 2021-ல் காலமானார்.

சரி, தவறான அனுமானங்களுக்குத் தமிழில் பட்டியல் உண்டா? உண்டு, அதுவும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது! மணிமேகலையின் 29-வது காதை. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கப் பாடம் நடத்துகிறார். கூற்றில் வரும் பிழையான பக்கப்போலி 9, காரணத்தில் வரும் ஏதுப்போலி 14, எடுத்துக்காட்டில் வரும் திட்டாந்தப்போலி 10. ஆக மொத்தம் 33 விதமாக மனிதன் தப்பாக யோசிக்கலாமாம்! கதை கேட்க வந்தவர்கள் கொட்டாவி விடும் பகுதி என்று பலர் இதைத் தாண்டிவிடுவார்கள். எனக்கோ காப்பியத்திலேயே மிகச் சுவையான இடம் இதுதான்.

அதில் ஒன்றைக் கேளுங்கள். தூரத்தில் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது. ஆவியா, பனியா என்ற சந்தேகமே தீரவில்லை. அதற்குள் 'அது புகை, ஆகவே அங்கே நெருப்பு' என்று முடிவுகட்டுகிறான் ஒருவன். போகிப் பண்டிகை விடியலில் சென்னைத் தெருவில் நின்றவர்களுக்கு இந்தக் குழப்பம் நன்றாகவே புரியும்! பெரியம்மா விஷயத்தில் நம் பையன் செய்தது வேறென்ன? அவர் சிரித்தாரா என்பதே தெரியாது, அதற்குள் அவமானப்பட்டாகிவிட்டது.

ஒரு வித்தியாசம் உண்டு. அறவண அடிகளின் பட்டியல் வாதத்தில் எதிராளியிடம் பிழை பிடிக்க உதவும். பெக்கின் பட்டியலோ நம் தலைக்குள்ளேயே பிடிக்கச் சொல்கிறது. இன்னொரு வியப்பு: அந்தப் பெக், 2005-ல் சுவீடனில் தலாய் லாமாவோடு மேடையில் உட்கார்ந்து மனதைப் பற்றி உரையாடினார். பௌத்தத் தர்க்கம் பேசும் நம் காப்பியத்தை யாராவது அவர் கையில் கொடுத்திருக்கலாம். உ.வே.சா. அதை 1898-லேயே அச்சேற்றிவிட்டாரே!

பெக்கின் சிகிச்சையில் செய்வது என்ன? 'பாசிட்டிவாக யோசி' என்ற வாட்ஸ்அப் உபதேசம் இல்லை. ஒரு நோட்டில் எழுத வைப்பார்கள்: என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, அதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது. பையன் கடைசிக் கேள்விக்குப் பதிலாக 178.5 என்று எழுதினால் போதும், பாதி வேலை முடிந்தது.

மனசின் பிழைக்கு அரசாங்கமே மருந்து தந்ததும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது, தெரியுமா? தேர்வில் தோற்றால் ஒரு வருஷமே வீண் என்ற நிலை முன்பு இருந்தது. 'எல்லாம் போச்சு' என்று நினைக்கப் பிள்ளைகளுக்குக் காரணமும் இருந்தது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'சினேகா' போன்ற அமைப்புகள் வலியுறுத்திய பிறகு, ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே எழுதும் துணைத்தேர்வு வந்தது. தோற்ற பாடத்தை எழுதி, அதே ஆண்டில் கல்லூரிக்கும் போகலாம்!

பெரியம்மாக்களே, சித்தப்பாக்களே, ரிசல்ட் அன்று மார்க் கேட்டு போன் போடாதீர்கள். வீட்டில் யாராவது 'எல்லாம் போச்சு' என்று திரும்பத் திரும்பச் சொன்னால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416. 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.