மரத்திற்குக் காலம் தருவோம்



காய்க்காத அத்தி மரத்தைப் பற்றிய உவமையை நாம் லூக்கா நற்செய்தியில் (13:6-9) வாசிக்கிறோம். மூன்று ஆண்டுகள் கனி தேடிய உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டத் தொழிலாளரோ, கொத்தி எருப் போட இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். மண்ணும் நீரும் மட்டுமல்ல, மரத்திற்குக் காலமும் தேவை என்பது அவருக்குத் தெரியும்.

மன்னார்குடிப் பகுதியில் வாழும் நமக்கும் இது தெரியும். குறுவையோ சம்பாவோ, நெல் சில மாதங்களில் வீடு வந்து சேரும். கிடைத்த பணம் கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் போய்விடும். மரம் அப்படியல்ல. சவுக்கு வெட்டுக்கு வர நான்கைந்து ஆண்டுகளாகும். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள். தேக்கு என்றால் இருபது ஆண்டுகளுக்கும் மேல். மகளின் திருமணத்திற்கும் திடீர் மருத்துவச் செலவிற்கும் கைகொடுக்கும் சேமிப்பு அது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், டெல்டாவில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நெல்லை இழந்தவர் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். தென்னையை இழந்தவரோ பல ஆண்டு வருமானத்தை இழந்தார். ஒரே மரத்தை நம்பியிராமல், வரப்பிலும் கொல்லையிலும் தேக்கு, வேம்பு, புங்கன், முருங்கை எனக் கலந்து வளர்ப்பது நல்லது என்பதே நாம் அன்று கற்ற பாடம்.

ஆனால் ஏழை உழவர் அத்தனை ஆண்டுகள் காத்திருப்பது எப்படி? ஆப்பிரிக்காவின் கென்யாவில் 1977-இல் வங்காரி மாத்தாய் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கிராமப் பெண்கள் நாற்று வளர்த்து நட்டனர். பிழைத்த கன்றுகளுக்குச் சிறு தொகை பெற்றனர். மரம் வளரும் காலத்திலேயே அவர்கள் கையில் கொஞ்சம் காசு இருந்தது. 2004-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் பகுதியில் கோயில், மடம், தனியார் நிலங்களைக் குத்தகைக்கு உழுவோர் பலர். நிலம் நாளை கையில் இருக்குமோ இராதோ என்று அஞ்சுபவர் தேக்கங்கன்று நடுவாரா? நட்டாலும் மரம் யாருக்குச் சொந்தம்? எனவே மரம் வளர்ப்பது நீதியைச் சார்ந்ததும் ஆகும்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் நாம், உழுபவர் வரப்பில் நடும் மரத்தில் அவருக்கும் பங்குண்டு என்று எழுதிக் கொடுப்போமா? பங்கிற்குச் சொந்தமான நிலமிருந்தால் அங்கிருந்தே தொடங்குவோம். நிலமில்லாத நாம் ஒரு கன்றுக்கு வேலியடைத்து, கோடையில் தண்ணீர் ஊற்றுவோம்.

கனி தராத நமக்கும் இறைவன் ஆண்டுதோறும் தவணை தருகிறார். அந்தப் பொறுமையை நம் அயலாருக்கும் காட்டுவோம்.