உலைக்கு முன் ஒரு பிடி

இறந்துபோன பாட்டியை நினைத்தால் அவர் சொன்னதுதான் முதலில் நாக்குக்கு வருகிறது: ஒரு பழமொழி, ஒரு கண்டிப்பு, ஏதோ ஒரு கைவைத்தியம். அவர் தினமும் என்ன செய்தார் என்பதை யாரும் அவ்வளவாகக் கணக்கில் எடுப்பதில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் இருக்கும் ஆமத்தூரையும் அதைச் சுற்றிய கரிசல் பூமியையும் எடுத்துக்கொண்டால், அங்கே அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும் விட்டுப்போனதில் பெரியதாக எனக்குப் படுவது ஒரு பழக்கம்: உலையில் அரிசி போடுவதற்கு முன்பே ஒரு பிடியை அள்ளித் தனியே வைத்துவிடுவது. இதைச் சிக்கனம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது பாதிதான்.

மீதிப் பாதிக்குச் சாட்சி விருதுநகரிலேயே இருக்கிறது. சத்திரிய வித்தியாசாலா பள்ளி 1885-இல் தொடங்கப்பட்டபோது அதற்குப் பணம் இரண்டு வழியில் வந்தது. கடைகளில் வியாபாரத்தின் மீது எடுத்து வைத்த மகமை ஒன்று. வீடுகளில் பெண்கள் கலயத்தில் சேர்த்த பிடி அரிசி மற்றொன்று. அந்த அரிசியை வீடு வீடாக வாங்கி, விற்ற காசைப் பள்ளிச் செலவுக்கு வைத்தார்கள். வருஷத்தைக் கவனிக்க வேண்டும். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வறுத்தெடுத்தது. அது ஓய்ந்து ஏழே ஆண்டுகள். பசியைக் கண்ணால் கண்டவர்கள் தானியக் குதிரைப் பூட்டி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்களோ அடுத்த வீட்டுப் பிள்ளையும் படிக்கட்டும் என்று அள்ளிப் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. 1901 கணக்கெடுப்பில்கூட இந்தியப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இல்லை. அந்தப் பள்ளியில் படித்தவர்தான் 1903-இல் பிறந்த காமராஜர். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, பாட்டி பார்வதி அம்மாளும் தாய் சிவகாமி அம்மாளும் வளர்த்தார்கள். சிவகாமி அம்மாள் நகைகளை விற்ற பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்து, வட்டியில் குடும்பம் நடத்தினார், முதலைத் தொடவில்லை. அப்படியிருந்தும் மகனின் படிப்பு பன்னிரண்டு வயதை ஒட்டி நின்றுபோனது. ஒரு வீட்டின் சிக்கனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. 1956-இல் முதலமைச்சராக அவர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊரார் தந்த தானியமும் நன்கொடையும் அதில் சேர்ந்தன. பிடி அரிசியிலிருந்து இதற்கு நேர்கோடு இழுப்பது மிகை. ஆனால் ஊர் கூடிச் சேர்த்தால் பள்ளி நடக்கும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது. தினம் அரிசி வெந்தது வியாபார வீடுகளில். மானாவாரிக் கரிசலில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அன்றாடச் சாப்பாடு, நெல்லுச்சோறு நல்ல நாளுக்கு மட்டும். எடுத்து வைக்க எதுவும் இல்லாதவரிடம் எடுத்து வை என்பது உபதேசமா, கேலியா? இன்றைய சிவகாசிப் பட்டாசு ஆலைகளிலும் இதே கேள்விதான்: செய்த உருப்படிக்குக் கூலி, வாரக் கடைசியில் சம்பளம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்த்த பட்டாசுக்குத் தடை விதித்தபின் நவம்பரிலிருந்து மாதக்கணக்கில் ஆலைகள் பூட்டிக் கிடந்தன. எந்தப் பானையில் சேர்த்த பிடியும் அதைத் தாங்கியிருக்காது. கூலியைக் கூட்டாமல் சேமிப்பைப் போதிப்பவர்கள் பாட்டியைத் துணைக்கு அழைப்பது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஆனால் இந்த மறுப்பு தனிவீட்டுச் சிக்கனத்தைத்தான் வீழ்த்துகிறது. மகமையும் பிடி அரிசியும் ஒரு வீட்டால் ஆகாததற்காகவே வந்தவை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கசப்பானது. பாட்டிகள் நல்லதை மட்டுமா கற்றுக்கொடுத்தார்கள்? சாதியின் எல்லையையும் அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மகமையே ஒரு சாதிக்குள் திரண்ட பணம். பொட்டப்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று பேத்தியைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பியவர்களும் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. இவை வருவதற்கு முன்பே, எழுபதுகளில் பத்துப் பன்னிரண்டு வயதில் தீக்குச்சி அடுக்கிய சிறுமிகள் இன்று அறுபதை ஒட்டிய பாட்டிகள். பேத்தியைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிவிடுவதும் அவர்களேதான். இறந்தபின் எல்லாரையும் தெய்வமாக்கிவிடும் வழக்கம் இந்த மாற்றத்தை மறைத்துவிடுகிறது. தன் பாட்டி சொன்னதில் எதைக் கைவிட்டாள் என்பதும் ஒருத்தி விட்டுப்போகும் பாடத்தில் சேர்த்திதான்.

இன்று யாரும் கலயம் வைக்கவில்லையே என்று வருந்துவதில் பொருள் இல்லை. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேமிப்பை முதலில் வைத்து, கடனைப் பிறகு வைத்தன. இப்போது குழு என்றாலே தவணை நாள் நினைவுக்கு வரும் அளவுக்கு வரிசை தலைகீழாகிவிட்டது. பழைய வரிசை சட்டமாகவே நிற்கும் இடம் ஒன்று உண்டு: 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதி. சம்பளம் கைக்கு வருமுன்னே ஒரு பங்கு தனியே போகிறது, முதலாளியும் ஒரு பங்கு போடுகிறார். ஆனால் உள்குத்தகை ஷெட்டிலோ வீட்டுத் திண்ணையிலோ வேலை செய்யும் பெண்ணின் பெயர் ஆலைப் பதிவேட்டில் ஏறுவதில்லை. பெயர் ஏறாதவரை அவளுக்காக எடுத்து வைக்க எவருக்கும் கடமை இல்லை.