பழைய டத்சன் ஏன் துள்ளுகிறது?

மாணவர்களே, நம் நெகிரி செம்பிலான் தோட்டத்துச் சாலையில் யாராவது பழைய டத்சன் 120ஒய் காரைத் திடீரென முடுக்கினால், அதன் பின்பக்கத்தைக் கவனியுங்கள். தடதடவெனத் துள்ளும்.

1970களின் அந்தக் காரில் இயந்திர விசை பின்சக்கரங்களுக்கே போகிறது. சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, அச்சின் கூடு எதிர்ப்பக்கம் முறுகும். அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் ‘எஸ்’ போல வளைந்து சட்டென நிமிரும். டயரின் பிடி விடும், பிடிக்கும், மறுபடி விடும். அதுதான் துள்ளல்.

டிராக் பந்தயக்காரர்கள் அச்சிலிருந்து முன்னோக்கி ஓர் இரும்புத் தண்டைப் பொருத்துவார்கள். ஸ்பிரிங் வளையப் பார்த்தால், தண்டின் ரப்பர் முனை அதன் முன்முனையில் முட்டித் தடுக்கும். எளிய யோசனைதான்!

ஆனால் தண்டு உராய்வை உண்டாக்காது. தரையில் இருப்பதைத்தான் காப்பாற்றும். சரளைக்கல் சாலையில் அந்த உராய்வே குறைவு. பிரேக் போட்டாலோ எடை முன்னே சாய்ந்து, பின்டயரின் பிடி இன்னும் தளரும். அங்கே தண்டால் ஒன்றும் செய்ய முடியாது.